ரிமோட் படுத்துவிட்டதா? பதறாதீர்கள்!

கார் சாவியின் பொத்தானை அழுத்துகிறீர்கள், கதவு திறக்கவில்லை. பட்டறைக்கு ஃபோன் போடுவதற்கு முன்னால், இழுவை லோரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் எதையெதைப் பார்க்க வேண்டும்? கோலசிலாங்கூர் தொடங்கி சபாக் பெர்ணம் வரை கார் வைத்திருக்கும் எல்லோருக்குமான சிறப்புக் கட்டுரை.

விடியற்காலை ஐந்தரை மணி. ஒரு காலத்தில் தோட்டங்களில் பெரட்டுக்கு ஆள் கூடிய நேரம். இன்று அதே நேரத்தில் சபாக், சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கமிருந்து கார்கள் வரிசையாக ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறுகின்றன. காப்பார், கிள்ளான், ஷா ஆலம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் தொடங்குமுன் போய்ச் சேர வேண்டும். சபாக்கில் இருந்து கிள்ளானுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கார் கிளம்பாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு என்ற நிலையில் பல குடும்பங்கள் இங்கே இருக்கின்றன.

அந்த நேரம் பார்த்து ரிமோட் வேலைநிறுத்தம் செய்கிறது. சிக்னல் விளக்கு மின்னவில்லை, பூட்டு அசையவில்லை. இன்னொரு தரம் அழுத்திப் பார்க்கிறோம். பிறகு கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு அழுத்துகிறோம். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும். "பேட்டரி வீக்காயிருக்கும் அண்ணே" என்பார் ஒருவர். "சிப் அடிச்சிருச்சு, புதுச் சாவிதான் போடணும்" என்பார் இன்னொருவர். "காடியில கரண்ட் இருக்கா, முதல்ல அத பாருங்கலா" என்று மூன்றாவது குரல் வரும்.

மூன்று பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ரிமோட் செயல்படாமல் போக ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. சில காரணங்கள் சாவிக்குள் இருக்கும், சில காருக்குள் இருக்கும், சில இரண்டிலும் இல்லாமல் நிற்கிற இடத்தில் இருக்கும். எந்தப் பக்கத்துக் கோளாறு என்று தெரிவதற்குள் காசைக் கொட்டினால், சில வெள்ளிப் பேட்டரியில் முடிகிற வேலைக்குச் சில நூறு வெள்ளி கொடுத்துப் புதுச் சாவி வாங்க நேரும். சோதிக்கும் வரிசை தெரிந்தவருக்கு அந்தச் செலவு பெரும்பாலும் மிச்சம்.

ஒரு கூட்டுக்குள் மூன்று வேலை

1985இல் புரோட்டோன் சாகா வந்தபோதும், 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தபோதும் சாவி என்றால் வெறும் இரும்புத் தகடு. துளையில் விட்டுத் திருப்பினால் முடிந்தது. உலகில் ரிமோட் சாவி அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் ரெனோ நிறுவனம் தன் ஃபூவேகோ காரில் அதைப் பொருத்தியது. கண்டுபிடித்தவர் பால் லிப்ஷுட்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் அவர் பெயரைச் சுருக்கி 'ப்லிப்' என்றே கார் ரிமோட்டைக் கூப்பிடுகிறார்கள். அது டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியில் இயங்கியது. நேராகக் குறிபார்த்து அழுத்த வேண்டும். பின்னால் வானொலி அலை வந்தது, குறிபார்க்கும் வேலை போயிற்று.

நம் ஊரில் பெரிய மாற்றம் 2017 நவம்பரில் மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவியோடு வந்தது. சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டுத் திறப்பது, பொத்தானை அழுத்தி இன்ஜினைக் கிளப்புவது என்ற இரண்டு வசதிகளும் சாதாரணக் குடும்பக் காருக்கு இறங்கி வந்தன. வசதி கூடியதோடு சேர்ந்து, சாவிக்குள் நடப்பது என்ன என்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இன்றைய சாவிக்கூட்டுக்குள் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முதலாவது, பொத்தானை அழுத்தினால் கதவைத் திறக்கும் வானொலிச் செய்தி. பெரும்பாலும் 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போகும். இதற்குப் பேட்டரி வேண்டும். இரண்டாவது, ஸ்மார்ட் கீ வேலை. கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலைவரிசையில், 125 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதை ஒட்டிய அளவில், 'சாவி பக்கத்தில் இருக்கிறதா?' என்று கேட்கிறது. சாவி வானொலியில் பதில் சொல்கிறது. இதற்கும் பேட்டரி வேண்டும். மூன்றாவது, இம்மொபிலைசர் சிப். திருட்டுச் சாவியால் இன்ஜின் ஓடாமல் தடுப்பது இதுதான். இதற்குப் பேட்டரியே வேண்டாம். காருக்குள் இருக்கும் கம்பிச்சுருளின் அருகில் கொண்டுபோனால் அந்தச் சுருளில் இருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் ரகசிய எண்ணைச் சொல்லிவிடும்.

இந்த மூன்றாவது வேலையை நினைவில் வையுங்கள். பேட்டரி அடியோடு தீர்ந்துபோன சாவியாலும் இன்ஜினைக் கிளப்ப முடியும். இது தெரியாததால்தான் பலர் இழுவை லோரிக்குக் காசு கொடுக்கிறார்கள்.

முதலில் மூன்று கேள்விகள்

அனுபவம் உள்ள சாவிக்கடைக்காரரிடம் போய் "ரிமோட் வேலை செய்யல" என்றால் அவர் உடனே கூட்டைத் திறப்பதில்லை. முதலில் கேள்வி கேட்பார். அதே கேள்விகளை நாமும் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு சாவி வேலை செய்கிறதா? கார் வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவியை அலமாரியில் இருந்து எடுத்து அழுத்திப் பாருங்கள். அது திறந்தால் கோளாறு முதல் சாவிக்குள் இருக்கிறது. அதுவும் திறக்காவிட்டால் காரிலோ இடத்திலோ இருக்கிறது. பத்து விநாடிச் சோதனை; சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும். ஒரு விஷயம்: அலமாரியில் நான்கைந்து ஆண்டாகக் கிடக்கும் சாவியின் பேட்டரியும் தேய்ந்திருக்கும். ஸ்மார்ட் கீ சும்மா இருக்கும்போதும் காரின் கேள்விக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

வேறு இடத்தில் வேலை செய்கிறதா? நேற்று ராத்திரி வீட்டில் சரியாகத் திறந்தது, இன்று சந்தைக்கு எதிரே மட்டும் திறக்கவில்லை என்றால் சாவியைக் குறை சொல்லாதீர்கள்.

காரில் கரண்ட் இருக்கிறதா? ரிமோட்டின் செய்தியை வாங்கும் கருவி காரின் 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகிறது. அது இறங்கிவிட்டால் எத்தனை புதுச் சாவி வாங்கினாலும் கதவு அசையாது. இரும்புச் சாவியால் திறந்து உள்ளே விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பாருங்கள். விளக்கு மங்கி, ஸ்டார்ட் பண்ணும்போது 'டக் டக்' என்று மட்டும் கேட்டால் ஜம்பர் கம்பியைத் தேடுங்கள். நம் வெயிலில் கார் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடுவது சாதாரணம்.

கூட்டைத் திறந்தால்

சந்தேகம் சாவியின் மேல் விழுந்தால் திறந்து பார்ப்பது கடினமில்லை. பெரும்பாலான கூடுகளின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஸ்மார்ட் கீயாக இருந்தால் முதலில் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிவிடுங்கள். பள்ளம் அதன் பின்னால் தெரியும். பத்துக் காசு நாணயத்தின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிப் பள்ளத்தில் வைத்து மெதுவாகத் திருப்பினால் கூடு இரண்டாகப் பிரியும். கத்தியால் நெம்பினால் பிளாஸ்டிக் உடையும், சில நேரம் கையும் கிழியும்.

உள்ளே முதலில் தெரிவது ரப்பர் விரிப்பு. அதன் கீழே பச்சைத் தகடு, தகட்டின் ஒரு பக்கத்தில் வெள்ளிக்காசு மாதிரி பேட்டரி. அதன் முகத்தில் எண் பொறித்திருக்கும். நிறையச் சாவிகளில் அது சிஆர்2032. 20 என்பது 20 மில்லிமீட்டர் அகலம். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். அதனால்தான் 2032 கேட்டால் 2025 கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பக்கூடாது. வோல்ட் ஒன்றுதான், கனம் வேறு. தளர்ந்து உட்கார்ந்து, குண்டும் குழியுமான தோட்டச் சாலையில் கார் குதிக்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

பழைய பேட்டரியை எடுக்குமுன் '+' குறி எந்தப் பக்கம் என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதைத் துணியால் பிடித்துப் போடுங்கள். விரல் எண்ணெயும் வியர்வையும் தொடர்பைக் கெடுக்கும். சில பிராண்டுகளில் பிள்ளைகள் வாயில் வைக்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு தடவியிருப்பார்கள். அந்தப் பூச்சு சில கருவிகளில் மின்தொடர்பைத் தடுக்கும். புதுப் பேட்டரி போட்டும் வேலை செய்யவில்லை என்றால் வேறு பிராண்டு போட்டுப் பாருங்கள்.

அடுத்து, பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்ன உலோக நாக்குகளைக் கவனியுங்கள். கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து அங்கே பச்சைப் பூஞ்சை போல் துரு படிந்திருக்கலாம். பருத்திக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடையுங்கள். நாக்கு படிந்திருந்தால் குச்சி நுனியால் லேசாகத் தூக்கிவிடுங்கள். கதவு திறக்கிற பொத்தான் மட்டும் வேலை செய்யாமல் பூட்டுகிற பொத்தான் வேலை செய்தால் பேட்டரியில் குறை இல்லை. தினம் அழுத்தி அழுத்தி அந்த ஒரு சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. சால்டரிங் தெரிந்தவர் அந்தச் சுவிட்சை மட்டும் மாற்றித் தருவார்.

மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பேட்டரி வெறுமனே அளந்தால் 3 வோல்ட் காட்டும், பொத்தானை அழுத்தும் நொடியில் சரிந்துவிடும். அதனால் சந்தேகம் என்றால் மாற்றிவிடுவதே மேல். ஃபோன் கேமரா முன்னால் ரிமோட்டை அழுத்தி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும் வித்தை டிவி ரிமோட்டுக்கு மட்டும் பலிக்கும். கார் ரிமோட் அனுப்புவது வானொலி அலை. கேமராவுக்கு அது தெரியாது.

செம்பனைக்கு நடுவே, நடுராத்திரி

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில், தென்னமாரம் தோட்டத்தில் உருவானது. அன்று ஊன்றிய செம்பனை இன்று சாலையின் இரு பக்கமும் மைல் கணக்கில் நிற்கிறது. அதன் நடுவே ராத்திரி பதினொரு மணிக்கு ரிமோட் அடியோடு கைவிட்டால், தெருவிளக்கு கிடையாது, கடை கிடையாது, ஃபோன் சிக்னலும் சில இடங்களில் கிடையாது. அப்போது செய்ய வேண்டியது இதுதான்.

ஸ்மார்ட் கீயின் பக்கவாட்டில் உள்ள சின்னக் குமிழைத் தள்ளினால் இரும்புச் சாவி வெளியே வரும். ஓட்டுநர் பக்கக் கைப்பிடியில் சாவித்துளை இருக்கும். சில மாடல்களில் ஒரு பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருக்கும், சாவி நுனியால் அந்த மூடியைக் கழற்ற வேண்டும். கதவைத் திறந்ததும் அலாரம் அலறலாம். பயப்படாதீர்கள், இன்ஜின் கிளம்பியதும் நிற்கும்.

உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவிக்கூட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடியுங்கள். சில மாடல்களில் சின்னம் பொறித்த பக்கம் பொத்தானைப் பார்த்திருக்க வேண்டும். 'பீப்' கேட்டதும் அல்லது விளக்கு நிறம் மாறியதும் பொத்தானை அழுத்துங்கள். முன்னே சொன்ன பேட்டரி வேண்டாத சிப் இப்போது தன் வேலையைச் செய்யும். வேறு சில கார்களில் கூட்டைக் கோப்பை வைக்கும் குழியிலோ நடுப்பெட்டிக்குள்ளோ வைக்கச் சொல்வார்கள். உங்கள் கார் எந்த ரகம் என்பது கையேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை இன்றைக்கே பகலில் ஒரு தரம் படித்து, வீட்டு வாசலில் ஒரு தரம் செய்து பார்த்துவிடுங்கள். கணவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அந்தக் காரை ஓட்டும் மனைவிக்கும் மகளுக்கும் தெரிய வேண்டும்.

பிள்ளை விளையாடிய பிறகு

பேட்டரி புதுசு, கார் சரி, இடமும் சரி. ஆனால் ஓர் அழுத்தில் திறக்கவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய ரிமோட்டுகள் எப்போதும் ஒரே எண்ணை அனுப்பின. அதைப் பதிவுசெய்து திரும்பப் போட்டால் எந்தத் திருடனும் திறக்கலாம். அதற்கு மாற்றாக வந்தது மாறிக்கொண்டே இருக்கும் எண்முறை. பரவலாகப் பயன்பட்ட 'கீலாக்' என்ற முறை தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் உருவானது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. நம் மளிகைக் கடைகளில் கடனுக்கு வைக்கும் 555 புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கடைக்காரரிடம் ஒன்று, நம்மிடம் ஒன்று, இரண்டிலும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். ரிமோட்டை அழுத்தும்போதெல்லாம் சாவியின் எண்ணிக்கை ஒன்று கூடும். கார் தான் கடைசியாகக் கேட்ட எண்ணை வைத்திருக்கும். அடுத்த 16 எண்ணுக்குள் வந்தால் உடனே திறக்கும். அதைத் தாண்டிப் போயிருந்தால், அடுத்தடுத்து இரண்டு சரியான எண்களைக் கேட்ட பிறகே நம்பும்.

வீட்டுக்குள் உட்கார்ந்து பிள்ளை ஐம்பது தரம் அழுத்தினால் காருக்கு ஒன்றும் கேட்பதில்லை, சாவிக் கணக்கு மட்டும் முன்னே ஓடிவிடுகிறது. அப்படிப்பட்ட சமயம் காரின் பக்கத்தில் நின்று, நிதானமாக, விட்டுவிட்டு இரண்டு மூன்று தரம் அழுத்துங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சில மாடல்களில் கதவை இரும்புச் சாவியால் திறந்து இன்ஜினை ஒரு தரம் கிளப்பினால் கணக்கு ஒத்துப்போகும்.

சாவியில் குறை இல்லை, காற்றில் குறை

2019இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு தெருவட்டாரமே தவித்தது. கார் ரிமோட்டுகளும் கராஜ் கதவு ரிமோட்டுகளும் ஒன்றாகப் படுத்துவிட்டன. ஆளுக்கொரு வதந்தி கிளம்பியது. மின்சார நிறுவனமும் தொலைபேசி நிறுவனமும் ஆட்களை அனுப்பின, ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அமெச்சூர் வானொலி அனுபவம் உள்ளவர்களும் நகர மன்ற உறுப்பினர் கிறிஸ் கிளாஸ்பர்னும் கருவிகளோடு வீடு வீடாகத் தேடி, மே மாதத்தில் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். மின்னணுவில் ஆர்வமுள்ள ஒருவர், மாடியில் ஆள் இருக்கிறார்களா என்று தனக்குத் தெரிவிக்கும் சின்னக் கருவி ஒன்றைத் தன் கையால் செய்து வைத்திருந்தார். பேட்டரியில் ஓடிய அந்தக் கருவி 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அலை வீசிக்கொண்டிருந்தது. அதனால் இத்தனை பேர் அவதிப்படுவது அவருக்கே தெரியாது. பேட்டரியைக் கழற்றியதும் ஊர் பழையபடி ஆயிற்று.

அதே ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், கார்ஸ்டெயர்ஸ் என்ற சிற்றூரின் பல்பொருள் அங்காடி வாசலிலும் கார்கள் திறக்காமல் நின்றன. அங்கே காரணமாகக் கண்டது, யாரோ ஒருவரின் கோளாறான ரிமோட் ஸ்டார்ட்டர் இடைவிடாமல் அலை அனுப்பியது.

இதெல்லாம் ஏன் நடக்கிறது? கார் ரிமோட் பயன்படுத்தும் அலைவரிசை அதற்கென்று தனியாக ஒதுக்கியதில்லை. ஆட்டோகேட், கம்பியில்லாக் கதவு மணி, வீட்டு அலாரம், பொம்மைக் கார் என்று பல கருவிகள் அதையே பகிர்ந்துகொள்கின்றன. போதாததற்கு, 433.92 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் வானொலியின் 430 முதல் 440 வரையிலான பட்டையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு சின்னக் கருவிகளுக்கு யாரும் உரிமம் கேட்பதில்லை. அதே காரணத்தால் இடையூறு வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது. ஒரு கருவியின் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டு ஓயாமல் கத்தினால் பக்கத்தில் உள்ள எல்லாச் சாவிகளும் அமுங்கிப்போகும்.

தோட்டத்துக்குள் இந்தத் தொல்லை குறைவு. வங்கி, உணவகம், அலங்கார விளக்கு, ஆட்டோகேட் எல்லாம் நெருங்கி நிற்கும் கோலசிலாங்கூர், சுங்கை பெசார் கடைத்தெருக்களில் வாய்ப்பு கூடுதல். பக்கத்தில் கார் நிறுத்தியவரிடம் "அண்ணே, உங்க ரிமோட் வேலை செய்யுதா?" என்று கேட்பதே நல்ல சோதனை. அவருடையதும் திறக்கவில்லை என்றால் இரும்புச் சாவியால் திறந்து, காரை நூறு மீட்டர் தள்ளி ஓட்டிப்போய் மறுபடி அழுத்திப் பாருங்கள்.

ஒரே இடத்தில் பலருக்கும் நாள்கணக்கில் நடந்தால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் புகார் கொடுக்கலாம். வானொலி அலைகளுக்குப் பொறுப்பு அதுதான். இடையூறு எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் கருவிகளும் ஆட்களும் அதனிடம் உண்டு. இடம், நேரம், எந்தெந்த வகைக் கார்கள் என்று குறித்துக் கொடுத்தால் தேடுவது எளிது. நம் பங்குக்கு, பாசார் மாலாமிலோ இணையத்திலோ வாங்கும் கேட் ரிமோட், கம்பியில்லாக் கதவு மணி போன்றவற்றில் எம்சிஎம்சி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முத்திரை இல்லாத தொடர்புக் கருவியை வைத்திருப்பதும் விற்பதும் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம்.

இடையூறு காருக்குள்ளேயும் இருக்கலாம். மட்டமான யுஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம், வெளியில் போட்ட எல்இடி விளக்கு ஆகியவை மின்னிரைச்சல் கிளப்பும். அண்மையில் எதைப் பொருத்தினீர்களோ அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். சாவியை ஃபோனோடு ஒட்டி ஒரே பையில் வைப்பதும், உலோகப் பெட்டிக்குள் வைப்பதும் ஸ்மார்ட் கீயைக் குழப்பும் என்று கார் கையேடுகளே எச்சரிக்கின்றன.

பழைய காடியும் வெளி அலாரமும்

கஞ்சில், வீரா, விவா போன்ற பழைய கார்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் பலவற்றில் ரிமோட், கார் கம்பெனி போட்டதில்லை. அலாரக் கடையில் பிறகு போட்டது. அதன் மூளைப்பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே எங்கோ கட்டித் தொங்கும். அதன் ஃபியூஸ் போனாலும், நம் ஊர்ச் சாலைக் குலுக்கலில் ஒரு கம்பி தளர்ந்தாலும் ரிமோட் ஊமையாகிவிடும். சில அலாரங்கள் இன்ஜினையும் சேர்த்து வெட்டிவிடும். கார் அப்படியே நிற்கும்.

அதற்காகவே வேலட் சுவிட்ச் என்ற ஒரு சின்னப் பொத்தானை ஒளித்து வைத்திருப்பார்கள். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, அந்த அலாரத்துக்கு உரிய முறையில் அதை அழுத்தினால் பூட்டு விலகும். கைமாறி வந்த காரை வாங்கியவர்களில் பலருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வாங்கும்போது விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், அலாரம் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு வயரிங்காரரைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்துவிடுங்கள்.

அரிசி மூட்டை வைத்தியம்

காற்சட்டைப் பையோடு சலவை எந்திரத்துக்குள் போன ரிமோட், ஆற்றில் மீன் பிடிக்கப் போய் நனைந்த ரிமோட், மழையில் ஊறிய ரிமோட் என்று கடைக்கு வருபவை பல. செகிஞ்சான் பக்கம் அரிசிக்குப் பஞ்சமில்லை. அதனால் உடனே அரிசிப் பானைக்குள் புதைத்துவிடுகிறோம். அரிசி பெரிதாக ஈரத்தை உறிஞ்சுவதில்லை. மாவுத் தூள் மட்டும் உள்ளே புகும்.

நனைந்த சாவியில் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் தகடு வேகமாக அரிக்கும். பேட்டரி வெளியே வந்துவிட்டால் அவசரம் பாதி குறையும். உப்புத் தண்ணீராகவோ சோப்புத் தண்ணீராகவோ இருந்தால் தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். பிறகு மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். வெயிலில் டேஷ்போர்டின் மேல் வைத்துக் காய வைப்பது வேண்டாம். பசை இளகிக் கூடு வளையும். காய்ந்தபின் புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள்.

கோளாறா, களவா?

காரை நிறுத்தி, நடந்துகொண்டே பின்னால் பார்க்காமல் பூட்டுப் பொத்தானை அழுத்துவது நம் பழக்கம். திருடர்கள் அதையே எதிர்பார்க்கிறார்கள். 'ஜேமர்' எனப்படும் தடைக்கருவியால் அலையை அமுக்கினால் கதவு பூட்டாமலே இருக்கும். நாம் போனதும் பையும் மடிக்கணினியும் போகும். சிக்னல் விளக்கு மின்னியதா, 'டக்' சத்தம் கேட்டதா என்று நின்று பார்த்து, கைப்பிடியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனால் இந்தத் தந்திரம் பலிக்காது.

ஸ்மார்ட் கீயில் இன்னொரு வகை உண்டு. வாசல் கதவுக்கு உள்ளே தொங்கும் சாவியின் அலையை ஒரு கருவியால் வாங்கி, காரின் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கருவிக்குக் கடத்துவார்கள். சாவி பக்கத்தில் இருப்பதாக நம்பிக் கார் திறந்துவிடும். ஜெர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி 2016 முதல் பல கார்களில் இதைச் செய்து காட்டியிருக்கிறது. சாவியை வாசலில் தொங்கவிடாமல் வீட்டுக்குள் தள்ளி, மூடியுள்ள உலோக பிஸ்கட் டின்னில் வைத்தாலே பெருமளவு பாதுகாப்பு. டின்னோடு காருக்குப் பக்கத்தில் போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்த டின் உதவாது, வேறு தேடுங்கள்.

கழற்றிய பேட்டரியும் பிள்ளைகளும்

பழைய பேட்டரியை மேசை மேல் விட்டுவிடாதீர்கள். காசு அளவுள்ள இந்தப் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளலாம். எச்சிலில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் பொசுக்கிவிடும். தீர்ந்த பேட்டரி என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம்; ரிமோட்டுக்குப் போதாத மின்சாரம் தொண்டையைப் புண்ணாக்கப் போதும். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சபாக் பக்கத்தில் தெங்கு அம்புவான் ஜெமா மருத்துவமனை, தெற்கே தஞ்சோங் காராங் மருத்துவமனை. பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கடைக்குப் போக வேண்டி வந்தால்

இத்தனையும் பார்த்தும் பலிக்கவில்லை என்றால் சாவிக்கடைக்கோ கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கோ போக வேண்டியதுதான். போகும்போது என்னென்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். "ரெண்டாவது சாவி திறக்குது, புதுப் பேட்டரி போட்டாச்சு, எல்லா இடத்திலயும் இதே கதைதான்" என்று சொன்னால் கடைக்காரர் நேரே தகட்டுக்குப் போவார். ஊகித்து ஊகித்து உங்கள் காசைச் செலவழிக்க வேண்டியிருக்காது. கூடு மட்டும் உடைந்திருந்தால் வெறுங்கூடு வாங்கிப் பழைய தகட்டையும் சிப்பையும் மாற்றிக்கொள்ளலாம். சில சாவிகளில் அந்தச் சிப் அரிசி மணி அளவில் தனியாக ஒட்டியிருக்கும். பழைய கூட்டைக் குப்பையில் எறியும்போது அதையும் சேர்த்து எறிந்தால் கதவு திறக்கும், இன்ஜின் ஓடாது.

புதுச் சாவி போட வேண்டி வந்தால் ஒரு கணக்கை மறக்காதீர்கள். கையில் வேலை செய்யும் சாவி ஒன்று இருக்கும்போது இன்னொன்றைப் பதிவு செய்வது எளிது. எல்லாச் சாவியும் போனபிறகு போனால் காரையே இழுத்துக்கொண்டு போக வேண்டி வரலாம். சில மாடல்களில் கணினிப் பெட்டியைக் கழற்றி எழுத வேண்டும். செலவு பல மடங்கு. பழைய கார் வாங்குபவர்கள் விலை பேசும்போதே இரண்டு சாவியும் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது இல்லை என்றால் அதன் செலவை விலையில் கழியுங்கள். வீட்டில் ஏற்கனவே ஒரே சாவிதான் இருக்கிறது என்றால், அது இன்னும் வேலை செய்கிற இந்த வாரத்திலேயே கடைக்குப் போய் இரண்டாவதைப் போட்டுவிடுங்கள்.